வால் நறுக்காத மூட்டை

இடி இடித்தால் எங்கள் முதலாளி கல்லாவை விட்டு எழுந்து, மூட்டைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்வார். நான் வேலைக்குச் சேர்ந்த ஐப்பசி மாதத்தில்தான் அதை முதன்முதலாகப் பார்த்தேன். நல்ல உயரம், வெள்ளைச் சட்டை, தலையில் தொப்பி. கம்பம் பஜாரில் மூன்று தலைமுறையாக ஏலக்காய் வியாபாரம் செய்கிற ராவுத்தர் வீட்டு மனிதர், இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு கண்ணை இறுக மூடியிருந்தார். காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டு சிரித்தார்கள். மழை விட்டதும் ஒன்றும் நடக்காதவர் போல எழுந்து வந்து, “என்னத்தா சிரிப்பு? மேல விழுந்தாத் தெரியும்” என்றார்.

இடி மட்டுமா? நாய்க்குப் பயம். கிணற்றை எட்டிப் பார்க்கப் பயம். விற்பனை வரி ஆபீஸிலிருந்து ஒரு பியூன் சும்மா டீ குடிக்க இந்தப் பக்கம் வந்தால்கூட கல்லாவை விட்டு எழுந்து நின்றுவிடுவார். பஜாரில் அவரை வைத்துக் கேலி பேசாத கடை கிடையாது. அவரும் அதை மறைத்ததில்லை. “நான் பயந்த ஆளுங்க, என்னையச் சோதிச்சுப் பாக்காதீக” என்று எதிரே நிற்பவர் யாராக இருந்தாலும் சொல்லிவிடுவார். பின்னாளில் நடந்ததை வைத்து அவரைப் பெரிய வீரர் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அந்த மனிதர் எவ்வளவு பயந்தார் என்பது கூட இருந்து பார்த்த எனக்குத்தான் தெரியும்.

எங்கள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மலையில் பறிக்கிற பச்சைக் காயை அங்கேயே எஸ்டேட் ஸ்டோரில் விறகுச் சூட்டில் காய வைப்பார்கள். காய்ந்த காயில் ஒரு முனையில் காம்பு இருக்கும், மறு முனையில் பூ உலர்ந்து ஒட்டிய வால் இருக்கும். பெரிசும் சிறிசுமாகக் கலந்து கிடக்கும். எங்கள் கடைக்கு வந்த பிறகுதான் அதில் பெண்களின் கை படும். சின்னக் கத்தரிக்கோலால் வாலை நறுக்கி, காம்பைக் கிள்ளி, வெடித்ததையும் வெளுத்ததையும் பொறுக்கித் தள்ளிவிட்டு, சல்லடையில் போட்டுப் பருமன்வாரியாகப் பிரிப்போம். எட்டு எம்எம் சல்லடையில் தங்குகிற காய்தான் உசத்தி. வடநாட்டுக்கும் அரபு நாட்டுக்கும் போகிற சரக்கு அது. இந்தப் பள்ளத்தாக்கில் வாலுள்ள காயையும் நறுக்கிய காயையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்லத் தெரியாத வீடு அநேகமாகக் கிடையாது. நான் பிளஸ் டூ முடித்தவள் என்பதால் பொறுக்கு வேலைக்கு மேற்பார்வையாக என்னைப் போட்டிருந்தார்கள்.

தொண்ணூறுகளின் கடைசி அது. எஸ்டேட்டில் காய் களவு போனால் போலீஸ் யாராவது ஒருவரைப் பிடிக்கும். பிடித்த ஆளைப் பஜாருக்குக் கூட்டி வரும். அவர் ஒரு கடையைக் கை காட்டுவார். அந்தக் கடைக்காரர், வாங்கியிருந்தாலும் வாங்காவிட்டாலும், களவு போன அளவுக்குச் சரக்கை எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தால் அவர் சாட்சி. கொடுக்காவிட்டால் திருட்டுச் சரக்கு வாங்கிய குற்றவாளி. இதற்குப் பஜாரில் ரெக்கவரி என்று பெயர். இது எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. பருவத்துக்குப் பருவம் வருகிற ஒரு செலவு என்று வைத்துக்கொண்டார்கள். கை காட்டிய ஆள் என்ன ஆகிறார் என்பதையும் யாரும் கேட்டதில்லை. எந்த ஊர் ஸ்டேஷன், எந்த எஸ்டேட் என்று நான் எழுதப் போவதில்லை. பெயரைச் சொல்லும் தைரியம் இன்றைக்கும் எனக்கு இல்லை.

ஒருநாள் முதலாளி மத்தியான லுஹர் தொழுகை முடித்துவிட்டு அப்போதுதான் கடைக்குத் திரும்பியிருந்தார். தெருமுனையில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. மறு நிமிஷம் வரிசையாக ஷட்டர் இறங்குகிற சத்தம் கேட்டது. எல்லாக் கடைக்காரர்களும் பயந்து ஷட்டரை இறக்கினார்கள். எங்கள் முதலாளி பயத்தில் ஷட்டரை இறக்க மறந்துபோனார். வாசலில் நட்ட கம்பு மாதிரி நின்றுவிட்டார். நான் பின்னாலிருந்து, “முதலாளி, உள்ள வாங்க” என்று கூப்பிட்டேன். அவருக்குக் காதில் விழவில்லை.

ஜீப்பிலிருந்து ஓர் ஆளை இறக்கினார்கள். முப்பது வயது இருக்கும். எஸ்டேட் ஸ்டோரில் விறகு தள்ளுகிறவர், கூடலூர்ப் பக்கத்துக்காரர் என்று பிறகு தெரிந்தது. நாங்கள் அவரை ஸ்டோர்க்காரர் என்றே பேசிப் பழகிவிட்டோம். அவர் நடந்து வந்த விதம் என் கண்ணை விட்டு இன்னும் போகவில்லை. உள்ளங்காலைத் தரையில் வைக்காமல், பாதத்தின் ஓரத்தை மட்டும் ஊன்றி ஊன்றி வந்தார். உதடு வீங்கியிருந்தது. இன்ஸ்பெக்டர், “எந்தக் கடைடா?” என்று கேட்டார். ஸ்டோர்க்காரர் மூடிக் கிடந்த கடைகளை ஒரு சுற்றுப் பார்த்தார். திறந்திருந்தது எங்கள் கடை ஒன்றுதான். கையைத் தூக்கி எங்களைக் காட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

“ஒரு மூட்டை பாய். எடுத்து வைங்க, கையெழுத்தப் போடுங்க, உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல” என்றார் இன்ஸ்பெக்டர். குரலை உயர்த்தவே இல்லை. எனக்கு அதுதான் அதிகப் பயத்தைக் கொடுத்தது. முதலாளி வாயைத் திறந்து மூடினார். இந்த ஆளை நான் பார்த்ததே இல்லை என்று சொல்ல வந்தார் என்று நினைக்கிறேன். அதை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, “தாயி, நல்ல சரக்கா எடுத்துக் குடு. எட்டு எம்எம் எடு” என்றார். பஜாரில் மற்றவர்களாக இருந்தால் மூலையில் கிடக்கிற கழிசலைக் கட்டிக் கொடுத்திருப்பார்கள். இவருக்கு, மட்டமானதைக் கொடுத்தால் இன்ஸ்பெக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று பயம். ஏற்றுமதிக்காக நாங்கள் நறுக்கி, பொறுக்கி, தைத்து வைத்திருந்த மூட்டை ஜீப்பில் ஏறியது. பெண்கள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு காகிதத்தில் முதலாளி கையெழுத்துப் போட்டார். அதில் என்ன எழுதியிருந்தது என்று அவரும் படிக்கவில்லை, அவர்களும் படித்துக் காட்டவில்லை.

ஜீப் போனதும் ஷட்டர்கள் ஏறின. பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து, “ஒரு மூட்டையோட போச்சேன்னு நினைச்சுக்கங்க பாய்” என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். முதலாளி அன்று முழுக்கத் தண்ணீரைத் தவிர ஒன்றும் சாப்பிடவில்லை.

அதற்கடுத்த வாரம் ஒரு பெண் இடுப்பில் பிள்ளையோடு கடைக்கு வந்தாள். ஸ்டோர்க்காரர் சம்சாரம். அழுது ஆர்ப்பாட்டம் செய்வாள் என்று நான் நினைத்தேன். அவள் கல்லாவுக்கு முன்னால் நின்று, “மொதலாளி, என் வீட்டுக்காரரு ஒங்ககிட்ட காய் வித்தாகளா? ஒங்க வாயால சொல்லுங்க, நான் போயிருறேன்” என்றாள். முதலாளி எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். அவள் பிறகு எதிர்த்த கடை நிழலில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்குப் போனாள். மறுபடியும் வந்தாள். அதே கேள்வியைத்தான் கேட்டாள். அவருக்கு ஜாமீன் எடுக்க ஆள் இல்லை, ஜெயிலில்தான் இருக்கிறார் என்று அவள் வாயிலிருந்துதான் தெரிந்துகொண்டோம். அவள் வருகிற பஸ் நேரம் பார்த்து முதலாளி பின்வாசல் வழியாகப் போக ஆரம்பித்தார். ஒருநாள் என்னிடம், “அந்தப் பொண்ணு நாலு வார்த்த வஞ்சாக்கூடத் தேவலத்தா. வையவும் மாட்டேங்குதே” என்றார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. எனக்கும் அழுகை வந்தது.

வழக்கு வாய்தா வாய்தாவாகத் தள்ளிப் போய், ஒரு வருஷத்துக்கும் மேலான பிறகு முதலாளிக்குச் சம்மன் வந்தது. அவர் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இந்தச் சரக்கை இந்த ஆளிடம் வாங்கினேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஸ்டோர்க்காரருக்குத் தண்டனை நிச்சயம். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தெரிவிக்க, கோர்ட்டுக்கு முதல்நாள் ஒரு ஏட்டு வந்தார். நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்து டீ குடித்தார். கல்லா மேல் இருந்த தட்டிலிருந்து ரெண்டு ஏலக்காயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். “கையெழுத்துப் போட்டதத்தான சொல்லப் போறீக, அதுல என்ன கஷ்டம்? ஒங்க மகன் புது லாரி எடுத்திருக்காகளாமே. கம்பம்மெட்டு ரோடு மோசம் பாய், பாத்துப் போகச் சொல்லுங்க” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் போன பிறகு முதலாளி டீ கிளாஸை எடுக்கப் போய், அதைக் கீழே போட்டுவிட்டார்.  அவர் மகன் அந்த நேரம் அந்த மலை ரோட்டில்தான் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள், “நீயும் கூட வா தாயி, தனியாப் போனா எனக்கு மயக்கம் வந்துரும்” என்று என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஓதுகிறார் என்று தெரிந்தது. வழியில் திராட்சைத் தோட்டம், தென்னந்தோப்பு, ஆற்றுப் பாலம் எல்லாம் கடந்து போயிற்று, எதையும் நாங்கள் பார்க்கவில்லை. ஒரு இடத்தில் காரை நிறுத்தச் சொல்லி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார். திரும்பி வந்து உட்கார்ந்ததும், “நான் கையெழுத்துப் போட்டதையே சொல்லிருவேன். எனக்கும் பிள்ள இருக்குல்ல” என்றார். நான் அந்த லாரியை நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோர்ட்டில் கூட்டம். கூண்டில் ஸ்டோர்க்காரர் நின்றார். மெலிந்துபோயிருந்தார். சுவரோரம் அவர் சம்சாரம். பின்பெஞ்சில் அந்த இன்ஸ்பெக்டர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். முதலாளி பெயரைக் கூப்பிட்டதும் அவர் என் கையை ஒருமுறை பிடித்துவிட்டு எழுந்தார். சாட்சிக் கூண்டில் ஏறிப் பிரமாணம் சொன்னார். சீல் வைத்த மூட்டையைத் தூக்கி வந்து, வாயைப் பிரித்து, ஒரு தகரத் தட்டில் கொஞ்சம் கொட்டினார்கள்.

காய் பழசாகி நிறம் மங்கியிருந்தது. ஆனாலும் மணம் அந்த அறை முழுக்க எழும்பியது. எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள். ஒரே அளவில், காம்பும் வாலும் இல்லாமல், மொழுமொழுவென்று கிடந்த எட்டு எம்எம் காய். ஸ்டோரிலிருந்து களவு போனதாக வழக்கு எழுதப்பட்ட காய் அது. அங்கே இருந்த குமாஸ்தாக்கள், வக்கீல்கள், வாய்தாவுக்கு வந்திருந்த கிராமத்து ஆட்கள் எல்லோரும் இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்தவர்கள். அவர்கள் வீட்டு அக்கா தங்கைகள் என்னைப் போலக் கத்தரிக்கோல் பிடித்தவர்கள். பார்த்ததும் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கும். எனக்கு அடுத்தாற்போல் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் மெதுவாக, “இது கடைக் காயில்ல?” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வாயைப் பொத்திக்கொண்டார். 

அரசு வக்கீல், “இதுதானே அந்தக் கூண்டில் நிற்கிற எதிரி உங்களிடம் விற்ற ஏலக்காய்?” என்று கேட்டார். முதலாளி ஒரு கை அள்ளினார். கை நடுங்கிய நடுக்கத்தில் விரலிடுக்கில் காய்கள் நழுவிக் கீழே உதிர்ந்தன. வியாபாரிக்கு ஒரு காய் கீழே விழுந்தாலும் பொறுக்காது. அவர் சட்டென்று குனிந்து, கூண்டுக்குள் மண்டி போட்டு, ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார். தலை மறைந்துவிட்டது. அப்படிக் கீழே இருந்தபடியேதான் அவர் குரல் வந்தது.

“ஐயா, இது வால் நறுக்குன காயிங்க.”

மாஜிஸ்திரேட், “எழுந்து நின்று சொல்லுங்கள்” என்றார். எழுந்தார். முகமெல்லாம் வேர்த்து, தொப்பி ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. “இது எங்க கடைச் சரக்குங்கய்யா. எங்க பொம்பளையாளுக நறுக்கினது. ஸ்டோர்ல எடுத்த காய்னா வாலு இருக்கும். நான் அந்த ஆள முன்னப்பின்ன பாத்தது இல்ல. எனக்குப் பயம்யா. பயத்துல நல்ல சரக்கா எடுத்துக் குடுத்துட்டேன்.” இதைச் சொல்லிவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

இப்படிக் கையெழுத்துப் போட்டதை மாற்றிச் சொல்கிறவருக்குச் சட்டத்தில் பிறழ் சாட்சி என்று பெயராம். அரசு வக்கீல் அந்த வார்த்தையைச் சொல்லித்தான் எழுதிக்கொள்ளச் சொன்னார். நறுக்கிய காயை ஸ்டோர்க் காய் என்று மூட்டை கட்டிக் கொண்டுவந்தவர்கள் பிறழவில்லை, அது நறுக்கிய காய் என்று சொன்னவர் பிறழ்ந்துவிட்டார். எனக்குச் சட்டம் தெரியாது. ஆனால் அந்தப் பெயரை வைத்தவர் மேல் அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

வெளியே வந்தபோது ஸ்டோர்க்காரர் சம்சாரம் பிள்ளையோடு ஓடி வந்தாள். காலில் விழப் போனாள். முதலாளி பாம்பை மிதித்தவர் போலப் பின்னால் துள்ளி, “போத்தா, போயிரு. எங்கூடப் பேசாத, பாத்துருவாக” என்று விரட்டினார். கார் கதவைத் திறக்கத் தெரியாமல் இழுத்துக்கொண்டு நின்றார். டிரைவர்தான் திறந்துவிட்டார். மகன் லாரியை மலையிலிருந்து இறக்கிவிட்டார் என்று போன் வந்தபிறகுதான் முதலாளி மூச்சை விட்டார். ஸ்டோர்க்காரருக்கு அதற்குச் சில வாரங்களில் விடுதலை கிடைத்தது. தீர்ப்பைக் கேட்க முதலாளி போகவில்லை.

லாரிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எங்கள் சரக்கு எந்தச் செக்போஸ்ட்டைத் தாண்டினாலும் நிறுத்தப்பட்டது. பில் இருக்கிறதா, அதற்கு நகல் இருக்கிறதா, நகலில் சீல் இருக்கிறதா என்று மணிக்கணக்கில் காக்க வைத்தார்கள். அனுப்பிய சரக்கு நேரத்துக்குப் போகாமல் வெளியூர் வியாபாரிகள் கைவிட்டார்கள். பஜாரில் மற்றவர்கள் எங்கள் வாசலில் நின்று பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். ஜீப் சத்தம் கேட்டால் முதலாளி இப்போது மூட்டைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்வார். பெண்கள் யாரும் சிரிப்பதில்லை. சில வருஷங்களில் கடையை மூடினார். அதன் பிறகு அதிக நாள் இருக்கவில்லை. மௌத்தான வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போயிருந்தேன். அங்கே யாரும் கோர்ட் விஷயத்தை வாய் திறந்து பேசவில்லை.

நான் இப்போது வேறு ஊரில் ஒரு ஏலக்காய்க் கடையில் மேற்பார்வையாக இருக்கிறேன். முதலாளி என்று இன்னொருவரைக் கூப்பிட வாய் வரவில்லை, ஓனர் என்கிறேன். என்னை விட இளையவர், மரியாதையாக அக்கா என்பார். போன மாதம் மலையிலிருந்து லோடு இறங்கியபோது ஒரு மூட்டையைக் காலால் தள்ளிக் காட்டி, “அக்கா, இத மட்டும் அப்படியே ஓரமா வைங்க. வால் நறுக்க வேணாம்” என்றார். ஏன் தம்பி என்று கேட்டேன்.

“ரெக்கவரிக்கு. எல்லாக் கடையிலயும் ஒன்னு வச்சிருக்காக. முன்ன கம்பத்துல ஒரு பாய் கோர்ட்டுல வந்து, காய்ல வாலு இல்லைன்னு சொல்லி, கேசே ஒடஞ்சு போச்சாம். அதுலருந்து கேட்டா இதத்தான் தூக்கிக் குடுக்குறது. யாருக்கும் வம்பு இல்ல பாருங்க.”

அவருக்கு நான் யார் கடையில் இருந்தவள் என்று தெரியாது. நான் தலையை ஆட்டிவிட்டு, மூட்டையை அவர் காட்டிய மூலையில் வைத்தேன். அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடியவில்லை. அந்த மனிதர் மண்டி போட்டு நடுங்கிச் சொன்ன சொல்லிலிருந்து பஜார் கற்றுக்கொண்டது இவ்வளவுதானா என்று நெஞ்சு எரிந்தது. இனி ஒரு ஆளைப் பாதம் வீங்க வீங்கக் கூட்டிவந்தால், தட்டில் கொட்டுகிற காயில் வால் இருக்கும். சொல்ல நினைக்கிறவருக்கும் சொல்ல ஒன்றும் இருக்காது.

ஓனர் செய்தித்தாளைத் தவிர எதையும் படிக்கிற ஆள் இல்லை, அந்தத் தைரியத்தில் மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். அவர் போடியில் நடக்கிற காய் ஏலத்துக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், மூலையில் இருந்த அந்த மூட்டையைப் பிரித்துப் பெண்களுக்கு முன்னால் கொட்டினேன். “இதையுமாக்கா?” என்று கேட்டார்கள். இதையும்தான் என்றேன். நானும் ஒரு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெயில் இறங்குவதற்குள் வாலெல்லாம் நறுக்கி, காம்பு கிள்ளி, சல்லடையில் சலித்து, உசத்திக் காயாகவே பொறுக்கி அதே சாக்கில் நிரப்பி, அதே சணலால் தைத்து, அதே மூலையில் வைத்துவிட்டேன். ஓனர் இன்னும் அதைத் திறந்து பார்க்கவில்லை. ஜீப் வந்தால் அதைத்தான் தூக்கிக் கொடுப்பார். தெருவில் எந்த வண்டி வந்து நின்றாலும் எனக்கு இப்போது கை நடுங்குகிறது.